தம்பியின் ரிப்போர்ட்டும் உன் ரிப்போர்ட்டும்

அன்புள்ள கலா,

சேகர் வீட்டுக்கு வந்துவிட்டான் என்று நீ எழுதியதைப் படித்த பிறகுதான் மனசு அடங்கியது. 46 வயதில் இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் என்றால் யாருக்குத்தான் தாங்கும்! இங்கே எல்லோரும் சுகம். பெரியவளுக்குக் கோயம்புத்தூருக்கு மாற்றல் வந்திருக்கிறது, வீடு தேடிக்கொண்டிருக்கிறோம்.

"அவனுக்குச் சுகரே இல்லை, ஆளும் ஒல்லி, அப்புறம் ஏன்?" என்று கேட்டிருந்தாய். நீ அனுப்பிய போன வருட ரிப்போர்ட்டைப் பார்த்தேன். வேலையில் சேர்ந்த நாள் முதல் ஓய்வு பெறும்வரை லேப்பில் இந்த எண்களோடே இருந்தவள் என்பதால் சொல்கிறேன். வெறும் வயிற்றுச் சர்க்கரை 98, அது நார்மல்தான். ஆனால் அடுத்த பக்கத்தில் ட்ரைகிளிசரைடு என்கிற ரத்தக் கொழுப்பு 210, நல்ல கொலஸ்ட்ரால் என்கிற எச்.டி.எல். 34. முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்துப் பார், 6-க்கு மேல் வருகிறது. 3-ஐத் தாண்டினாலே இன்சுலின் ரெசிஸ்டன்ஸ் இருக்கலாம் என்று சந்தேகிக்க வேண்டும்.

உடம்பில் நடப்பது இதுதான். தசையும் ஈரலும் இன்சுலினுக்குச் சரியாகக் கட்டுப்படுவதில்லை. காது மந்தமானவரிடம் குரலை உயர்த்திப் பேசுகிற மாதிரி, கணையம் இன்னும் அதிகமாக இன்சுலினைச் சுரந்து சமாளிக்கிறது. அதனால் சர்க்கரை பல வருடம் நார்மலாகவே இருக்கும், கணையம் களைத்த பிறகுதான் ஏறும். ஆனால் ஈரலில் கொழுப்பு தயாரிக்கிற வேலை மட்டும் அந்தக் கூடுதல் இன்சுலினுக்கு நன்றாகவே கட்டுப்படும். ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு ஏறும், எச்.டி.எல். இறங்கும், கெட்ட கொலஸ்ட்ரால் என்கிற எல்.டி.எல். துகள்கள் சின்னதாகவும் அடர்த்தியாகவும் மாறும். சிறுநீரகம் உப்பைப் பிடித்து வைப்பதால் பி.பி.யும் கூடும். சர்க்கரை வியாதி என்று பேர் வைக்கும் முன்பே ரத்தக்குழாய் கெட ஆரம்பித்திருக்கும்.

1988-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மருத்துவர் ஜெரால்ட் ரீவன் இவையெல்லாம் ஒரே இடத்திலிருந்து கிளம்புகின்றன என்று சொல்லி 'சிண்ட்ரோம் எக்ஸ்' என்று பெயர் வைத்தார். அதில் பருமனை அவர் சேர்க்கவில்லை, ஒல்லியானவர்களுக்கும் இது வரும் என்பதால். நம் ஊர் உடம்புக்கு இது ரொம்பப் பொருந்தும். 2004-இல் லான்செட் இதழில் ஒரு படம் வந்தது. புனேயின் யாக்னிக்கும் லண்டனின் யுட்கினும் அருகருகே நிற்பார்கள், இருவரும் மருத்துவர்கள். இருவருக்கும் உயரத்துக்கேற்ற எடையைச் சொல்லும் பி.எம்.ஐ. 22.3, ஆனால் உடல் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2 சதவீதம்! எடை மெஷின் இதைக் காட்டாது. 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்விலும் தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில் வந்தது, மற்றவர்களுக்கு ஏறத்தாழ 59-இல்.

பாஸ்டிங் இன்சுலின் பார்க்கலாமா என்று கேட்டாய். அதைச் சர்க்கரையோடு பெருக்கி 405-ஆல் வகுத்தால் இன்சுலின் ரெசிஸ்டன்ஸை மதிப்பிடும் ஹோமா எண் கிடைக்கும். ஆராய்ச்சிக்கு நல்ல கணக்கு. ஆனால் லேபுக்கு லேப் இன்சுலின் அளவு மாறும், ஓர் இடத்து எண்ணை இன்னோர் இடத்து எண்ணோடு ஒப்பிட முடியாது. கையில் இருக்கும் லிப்பிட் (ரத்தக் கொழுப்பு) ரிப்போர்ட்டும் ஒரு இன்ச் டேப்பும் போதும் என்பது என் எண்ணம். அதற்காக எல்.டி.எல்.லைக் கண்டுகொள்ளாமல் விடக் கூடாது. ஸ்டென்ட் வைத்த பிறகு கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டேடின் மாத்திரையை சேகர் ஒரு நாளும் நிறுத்தக் கூடாது. சிகரெட்டை விட்டானா, இல்லையா? அதை நீ எழுதவே இல்லை.

இனி உன்னைப் பற்றி. இரண்டாவது பிரசவத்தில் உனக்குச் சுகர் வந்து, குழந்தை பிறந்ததும் போய்விட்டது, அதோடு மறந்துவிட்டாய். கர்ப்பத்தில் சுகர் வந்த பெண்களுக்குப் பிற்காலத்தில் இதய நோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. பிறகு சுகரே வராவிட்டாலும் அந்த அபாயம் முழுசாகப் போவதில்லை. கூடப் பிறந்த தம்பிக்கு இப்போது இப்படி. எனக்கு உன்னை நினைத்துத்தான் கவலை, கலா. இடுப்பை அளந்து பார். பாவாடை நாடா கட்டும் இடத்தில் அளக்காதே, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் அளக்க வேண்டும். நமக்கு 80 சென்டிமீட்டர்தான் எல்லை, ஆண்களுக்கு 90. லிப்பிட், எச்.பி.ஏ.1.சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி), பி.பி. மூன்றும் பார்த்துவிட்டு டாக்டரிடம் போகும்போது அந்தப் பிரசவக் கதையை மறக்காமல் சொல். அவராகக் கேட்க மாட்டார்.

சாப்பிட்டதும் உட்காராமல் கொஞ்ச நேரம் நட. தசை வேலை செய்யும்போது இன்சுலின் அவ்வளவாக இல்லாமலே சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். தட்டில் சோறு குறைந்து பயறும் காயும் கூடினால் ட்ரைகிளிசரைடு சில வாரங்களிலேயே இறங்கக் காணலாம். சேகர் எவ்வளவு நடக்கலாம் என்பதை மட்டும் அவன் டாக்டர் சொல்லட்டும்.

அவனோடு நானே பேச வேண்டும். எந்த நேரத்தில் கூப்பிட்டால் தூங்காமல் இருப்பான் என்று எழுது.

அன்புடன்,
மீனா