330 என்று போட்டு 302 கொடுத்த கேபினெட் பற்றிய புகார்

அனுப்புநர்:
தகட்டு வேலைப் பட்டறை,
ஆவாரம்பாளையம், கோயம்புத்தூர்.

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்,
கம்ப்யூட்டர் கேபினெட் விற்பனைப் பிரிவு.

நாள்: 12.06.2025

பொருள்: 22.05.2025 அன்று வந்து சேர்ந்த கேபினெட், இணையப் பக்கத்தில் போட்ட அளவுப்படி இல்லாதது. பணத்தைத் திருப்பித் தரக் கோருவது.

ஐயா / அம்மா, வணக்கம்.

உங்கள் இணையக் கடையில் 3,999 ரூபாய் கட்டி நான் வாங்கிய கேபினெட், அதாவது கம்ப்யூட்டர் பாகங்களை மாட்டும் வெளிக்கூடு, வந்த அட்டைப் பெட்டிக்குள்ளேயே திரும்பப் போய் என் பட்டறை மூலையில் நிற்கிறது. படம் வரையும் வேலையைச் செய்யும் கிராபிக்ஸ் கார்டுக்கு 330 மி.மீ. இடம் உண்டு என்று போட்டிருக்கிறீர்கள். டேப் வைத்து அளந்தால் 302 தான் வருகிறது. தகடு 0.7 மி.மீ. என்று போட்டிருக்கிறீர்கள். கனம் அளக்கும் மைக்ரோமீட்டர் 0.5 காட்டுகிறது. இரண்டு மின்னஞ்சல் அனுப்பினேன், மூன்று முறை போனில் பேசினேன். மே 30 அன்று என் புகாரைத் 'தீர்க்கப்பட்டது' என்று மூடிவிட்டீர்கள். எதுவும் தீரவில்லை. அதனால்தான் இதைக் கடிதமாக எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன்.

இதை நான் ஏன் வாங்கினேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

என் மகள் ஆர்க்கிடெக்சர் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். அவள் வரையும் கட்டடத்தைப் படமாக்கி எடுக்க, இருக்கிற லேப்டாப்பில் ராத்திரி முழுக்க ஆகிறது. பாதியில் சூடாகி நின்றும் போகிறது. எட்டு மாதம் பணம் சேர்த்து ஒவ்வொரு பாகமாக வாங்கினோம். பிராசசர், எல்லாப் பாகங்களையும் இணைக்கும் மதர்போர்டு, ராம், மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ்., கடைசியாக கிராபிக்ஸ் கார்டு. எல்லாம் வாங்கியபின் கேபினெட்டுக்கென்று கையில் மிஞ்சியது நாலாயிரம்.

காந்திபுரத்தில் கடை கடையாக ஏறி இறங்கினேன். எஸ்.எம்.பி.எஸ். உள்ளேயே வைத்து 2,000 ரூபாய்க்குள் ஒரு பெட்டி கொடுத்தார்கள். தூக்கிப் பார்த்ததுமே கீழே வைத்துவிட்டேன். அந்த விலையில் பெட்டியும் தந்து, உள்ளே எஸ்.எம்.பி.எஸ்-உம் தந்தால், அதற்குள் என்ன போட்டிருப்பார்கள்? அதை நம்பி பெரிய கார்டை மாட்ட முடியாது. அதோடு அந்தப் பெட்டியில் எஸ்.எம்.பி.எஸ். மேலே உட்கார்கிறது. பிராசசர் கக்குகிற சூட்டையெல்லாம் அதுதான் இழுத்துக்கொள்ள வேண்டும். அது கீழே உட்கார்ந்து, அடித்தகட்டு வழியாகத் தனியாகக் காற்று இழுப்பதுதான் சரியான அமைப்பு. இன்னொரு கடையில் முகப்பு முழுக்கக் கண்ணாடி வைத்த கேபினெட் ஒன்றைக் காட்டினார்கள். பார்க்க அழகு. ஆனால் அதற்குள் காற்று போக ஓரத்தில் ஒரு விரல் அகலப் பிளவு மட்டும்தான். மூன்று விசிறி வைத்தாலும், இழுக்கக் காற்று இல்லாவிட்டால் அவை என்ன செய்யும்? எங்கள் வீடு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. மே மாத மதியத்தில் அறைக்குள்ளேயே அனல் அடிக்கும்.

அதனால் வலை முகப்பு, முன்னால் மூன்று விசிறி, கழற்றிக் கழுவக்கூடிய தூசி வடிகட்டி, மதர்போர்டுக்குப் பின்னால் வயர்களை ஒதுக்க இடம் என்று என் தேவையைத் தாளில் எழுதி வைத்துத்தான் தேடினேன். உங்கள் பக்கத்தில் எல்லாமே இருந்தன. நான் முப்பது வருடமாகத் தகடு வெட்டி, வளைத்து, பற்றவைத்துப் பிழைக்கிறவன். பார்ட்டி கொடுக்கும் டிராயிங்கை எப்படிப் படிப்பேனோ அப்படித்தான் உங்கள் அளவுப் பட்டியலையும் படித்தேன். கார்டின் நீளம் 318 மி.மீ. உங்கள் இடம் 330. பன்னிரண்டு மி.மீ. மிச்சம், போதும். பிராசசரைக் குளிர்விக்கும் கூலரின் உயரம் 155. உங்கள் இடம் 160. தகடு 0.7 மி.மீ., அதாவது எங்கள் கணக்கில் 22 கேஜ். இந்த விலைக்கு நல்ல தகடு என்று மகளிடம் நானே சொன்னேன்.

மே 25, ஞாயிற்றுக்கிழமை காலை, இரண்டு பேரும் உட்கார்ந்து மாட்ட ஆரம்பித்தோம். மதர்போர்டைத் திருகும்போதே அது உட்காரும் தட்டு கைக்கு அமுங்கியது. ஒன்பது திருகில் இரண்டு ஓட்டை நேராக அமையவில்லை. ஒரு பித்தளைக் காலில் மரை பாதியிலேயே கடித்து நின்றுவிட்டது. மகள் பின்பக்கம் வயரைச் செருகக் கை விட்டவள், "அப்பா, அறுத்துடுச்சு" என்று விரலை எடுத்தாள். தகடு வெட்டிய விளிம்பில் பிசிறு அப்படியே இருந்தது. மடித்து அடிக்கவும் இல்லை, அரம் போட்டு எடுக்கவும் இல்லை. பட்டறையில் புதிதாகச் சேரும் பையனுக்கு முதல் நாள் சொல்லித் தருவதே பிசிறு எடுப்பதைத்தான். வாங்குகிறவர் கை விட்டே ஆக வேண்டிய இடம் அது.

அதற்குப் பிறகுதான் கார்டு. ஸ்லாட்டுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தால் கார்டின் மூக்கு முன் விசிறியில் முட்டுகிறது. சாய்த்துப் பார்த்தோம், திருப்பிப் பார்த்தோம். உள்ளே போகவே போகாது. டேப் எடுத்து, பின் தகட்டிலிருந்து விசிறியின் விளிம்பு வரை அளந்தேன்: 302. விசிறியைக் கழற்றிவிட்டு முன் சட்டம் வரை அளந்தேன்: 330. அப்போதுதான் உங்கள் கணக்கு விளங்கியது. 120 மி.மீ. விசிறியின் கனம் 25 மி.மீ.; திருகுத் தலையும் இடைவெளியும் சேர்த்தால் 28. மூன்று விசிறியும் பொருத்தியேதான் கேபினெட்டை விற்கிறீர்கள். படத்திலும் விசிறியோடுதான் காட்டுகிறீர்கள். ஆனால் இடத்தை மட்டும் விசிறி இல்லாத வெறும் கூட்டில் அளந்து போடுகிறீர்கள். இரண்டையும் ஒரே பக்கத்தில், ஒரே பொருளின் தன்மையாகப் போட்டால் படிக்கிறவர் என்ன நினைப்பார்? விசிறியோடு எவ்வளவு, விசிறி இல்லாமல் எவ்வளவு என்று இரண்டு அளவையும் தனித்தனியாகப் போடும் கம்பெனிகள் இருக்கின்றன. ஒரு வரி கூடுதலாகப் போட்டிருந்தால் நான் இதை வாங்கியிருக்க மாட்டேன், உங்களுக்கும் இந்தக் கடிதம் வந்திருக்காது.

மறுநாள் உங்கள் வாடிக்கையாளர் சேவை எண்ணில் பேசிய தம்பி மரியாதையாகத்தான் பேசினார். "சார், முன்னாடி இருக்கிற ஃபேனைக் கழட்டிட்டீங்கன்னா கார்டு உக்காந்துடும் சார்" என்றார். சொன்னபடி செய்தும் பார்த்தேன். கார்டு உட்கார்ந்தது. மகள் தன் கல்லூரி வேலை ஒன்றை ஓட்டினாள். இருபது நிமிடத்தில் கார்டின் சூடு 86 டிகிரி. பக்கவாட்டுக் கதவைத் திறந்து வைத்து, அதே வேலையை மறுபடி ஓட்டினால் 74. காற்றை உள்ளே இழுக்க விசிறி இல்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? மூன்று விசிறி இருக்கிறது என்பதற்காகத்தான் மற்ற கேபினெட்டை விட்டு இதை எடுத்தேன். காசு கொடுத்து வாங்கிய விசிறியைக் கழற்றி மேசை டிராயரில் போடச் சொல்வது தீர்வாகாது.

அந்த விசிறிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூன்றும் எஸ்.எம்.பி.எஸ். வயரில் செருகும் மோலெக்ஸ் இணைப்பில் வருகின்றன, மதர்போர்டில் செருகவே வழியில்லை. எஸ்.எம்.பி.எஸ்-இலிருந்து நேராக 12 வோல்ட் வாங்கி எப்போதும் முழு வேகத்தில்தான் ஓடும். கம்ப்யூட்டர் சும்மா இருந்தாலும் அதே இரைச்சல். உங்கள் பக்கத்தில் இது ஒரு இடத்திலும் இல்லை.

இனி தகடு. இதில் எனக்கு வந்த வருத்தம் கொஞ்சம் அதிகம், ஏனென்றால் இது என் தொழில். வலப்பக்கக் கதவை மைக்ரோமீட்டரில் பிடித்தால் 0.62 காட்டியது. அதில் இரண்டு பக்கமும் பவுடர் கோட்டிங் இருக்கிறது. அதைத் தகட்டுக் கனத்தில் சேர்க்கக் கூடாது. கதவை மாட்டினால் வெளியே தெரியாத உள்மடிப்பு ஓரத்தில், அரை சென்டிமீட்டர் அளவுக்கு இரண்டு பக்கமும் கோட்டிங்கைச் சுரண்டிவிட்டு மறுபடி அளந்தேன். மூன்று முறையும் 0.50. சுரண்டியது நான்தான், அதை மறைக்கவில்லை. படத்தில் அந்த இடத்தை வட்டமிட்டுக் காட்டியிருக்கிறேன். மதர்போர்டுத் தட்டும் அதே கனம்தான்.

உங்களுக்கு என் மைக்ரோமீட்டரில் சந்தேகம் இருந்தால் எடையைப் பாருங்கள். ஒரு சதுர மீட்டர் இரும்புத் தகடு, 0.7 மி.மீ. கனத்தில் சுமார் 5.5 கிலோ. 0.5 மி.மீ. என்றால் 3.9 கிலோ. உங்கள் பக்கத்தில் கேபினெட்டின் எடை 6.3 கிலோ என்று இருக்கிறது. பட்டறைத் தராசில் பெட்டி, தெர்மாகோல் எல்லாம் நீக்கி வைத்தால் 5.1 கிலோ. குறைகிற 1.2 கிலோ எங்கே போனது என்று தகட்டுக் கனமே சொல்கிறது.

0.2 மி.மீ. என்ன பெரிய வித்தியாசம் என்று அலுவலகத்தில் இருப்பவர்களுக்குத் தோன்றலாம். தகடு வளையாமல் நிற்கும் பலம், கனம் × கனம் × கனம் என்று பெருக்கி வரும் எண்ணைப் பொறுத்தது. 0.7-ஐயும் 0.5-ஐயும் அப்படிப் பெருக்கிப் பாருங்கள், பலம் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்காக இறங்கிவிடும். ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ள கார்டு, பின் தகட்டில் இரண்டே திருகைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறது. அந்தத் தகடு வளைந்தால் கார்டு முன்பக்கம் தாழும், அந்த இழுவை மதர்போர்டு ஸ்லாட்டில் ஏறும். நாங்கள் மாட்டியபோதே கார்டு முனை நாலு மி.மீ. தாழ்ந்துதான் நின்றது. ஹார்டு டிஸ்க் ஓடினால் கதவு சேர்ந்து ரீங்கரிக்கிறது. தட்டு அமுங்கியதும் ஓட்டைகள் விலகியதும் இதனால்தான் என்று நினைக்கிறேன்.

சரியாக இருப்பதையும் சொல்கிறேன். கூலருக்கு 160 மி.மீ. என்று போட்டது உண்மை. தூசி வடிகட்டி காந்தத்தில் ஒட்டி எடுக்க எளிதாக இருக்கிறது. வயர் ஒதுக்க 22 மி.மீ. இடம், இந்த விலைக்கு நல்ல இடம். வலையும் உண்மையான வலைதான், பின்னால் பிளாஸ்டிக் மறைப்பு இல்லை. யாரோ யோசித்துத்தான் இதை வரைந்திருக்கிறார்கள்.

நாலாயிரம் ரூபாய்க்கு 0.5 தகடு போடுவது குற்றமில்லை. 0.5 என்று சொல்லி விற்றிருந்தால், கார்டுக்கு அடியில் ஒரு முட்டுக் கொடுத்து ஓட்டிக்கொள்ளலாமா என்று நான் முடிவு செய்திருப்பேன். அந்த முடிவை எடுக்கும் உரிமை என்னுடையது. 0.7 என்று எழுதியபோது அதை என்னிடமிருந்து எடுத்துவிட்டீர்கள். என் பட்டறையில் 0.7 கேட்ட பார்ட்டிக்கு 0.5 வெட்டிக் கொடுத்தால் மொத்த லாட்டும் ரிஜெக்ட் ஆகித் திரும்பி வரும். வண்டி வாடகையும் என் தலையில்தான். உங்கள் பொருளுக்கு மட்டும் ஏன் வேறு நியாயம்?

நீங்கள் புகாரை மூடியதற்குச் சொன்ன காரணம், 'பிரித்து மாட்டிய பொருளைத் திரும்பப் பெற இயலாது' என்பது. கார்டு உள்ளே போகுமா என்று பெட்டியைப் பிரிக்காமல் எப்படித் தெரியும்? பொருளைத் திருப்பித் தர ஏழு நாள் கெடு என்று நீங்களே வைத்தீர்கள். நான் நாலாவது நாளே, மே 26 அன்று, படங்களோடு எழுதிவிட்டேன். இரண்டாவது மின்னஞ்சலுக்கு வந்த பதிலில், திருப்பி அனுப்ப வேண்டுமானால் கூரியர் கட்டணம் 650 ரூபாயை நானே கட்ட வேண்டும் என்று இருந்தது. தவறான அளவைப் போட்டது நீங்கள், அதற்கான வண்டிக்கூலி என் பொறுப்பா?

நான் கேட்பது இவ்வளவுதான். கேபினெட்டை உங்கள் செலவில் வந்து எடுத்துக்கொண்டு 3,999 ரூபாயை முழுதாகத் திருப்பித் தர வேண்டும். விசிறியோடு 318 மி.மீ. கார்டு போகும், தகடு 0.7 இருக்கும் கேபினெட் உங்களிடமே இருந்தால், அதை மாற்றாகத் தந்தாலும் வாங்கிக்கொள்கிறேன்; ஆனால் அனுப்பும் முன் அளந்து எழுத்தில் தர வேண்டும். அதோடு உங்கள் பக்கத்தில் கார்டு இடத்தை விசிறியோடு அளந்து போடுங்கள், தகட்டுக் கனத்தையும் எடையையும் திருத்துங்கள். பிள்ளைகளுக்காக இப்படிச் சேர்த்துவைத்து வாங்குகிறவர்கள் அந்தப் பக்கத்தை இன்றும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

இணைய வணிகத்துக்கான 2020 ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, குறைதீர்ப்பு அலுவலர் புகாரை 48 மணி நேரத்துக்குள் ஏற்று, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். என் முதல் புகாரிலிருந்து கணக்கிட்டால் அந்த மாதம் ஜூன் 26 அன்று முடிகிறது. அதற்குள் பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, கோயம்புத்தூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். 2019 ஆம் ஆண்டுச் சட்டப்படி நான் குடியிருக்கும் ஊரிலேயே மனு கொடுக்கலாம். ஐந்து லட்சத்துக்கு உட்பட்ட தொகைக்குக் கட்டணமும் கிடையாது. மிரட்டுவதற்காக எழுதவில்லை. மனு எழுதி வைத்துவிட்டேன், அனுப்ப வேண்டிய தேவை வராமல் இருந்தால் நல்லது.

ரசீது நகல், மே 17 அன்று ஆர்டர் செய்தபோது நான் படமெடுத்து வைத்த உங்கள் அளவுப் பக்கம், டேப்பும் மைக்ரோமீட்டரும் தராசும் அளவு காட்டும் படங்கள், உங்கள் பதில் மின்னஞ்சல்கள் ஆகியவற்றை இத்துடன் வைத்திருக்கிறேன். கேபினெட், மூன்று விசிறிகள், மீதித் திருகுகள் எல்லாம் எண்ணிப் பெட்டியில் கட்டியாகிவிட்டது. பட்டறை காலை 9 மணியிலிருந்து மாலை 6 மணி வரை திறந்திருக்கும், ஞாயிறு விடுமுறை. எடுக்க வருகிறவர் வருவதற்கு முன் ஒரு போன் செய்தால் வாசலுக்குக் கொண்டுவந்து வைத்திருப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
ஆவாரம்பாளையம், கோயம்புத்தூர்.