தண்ணீர் கூடவே நடந்து வா, பாப்பா

பாப்பா,

நேற்று போனில் நீ கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. மோட்டார் சத்தத்தில் பாதி காதில் விழவில்லை, விழுந்த பாதிக்கும் உடனே பதில் வரவில்லை. ராத்திரி படுத்தால் அதே நினைப்பு, அதனால்தான் எழுதுகிறேன். உங்கள் குடியிருப்பில் தண்ணீர்க் கமிட்டிக்கு உன்னைப் போட்டிருக்கிறார்கள், 2024 கோடையில் லாரித் தண்ணீருக்கு அடித்துக்கொண்டது இன்னும் ஆறவில்லை, இரண்டு பேர் இருக்கும் வீட்டுக்கும் ஆறு பேர் இருக்கும் வீட்டுக்கும் ஒரே பங்கா என்று சண்டை. "ஊர்ல எப்படிப்பா பிரிச்சீங்க, யாரு முடிவு பண்ணாங்க"ன்னு கேட்டாய்.

முதலில் ஒன்று. நீ பெங்களூரில் குழாயைத் திறந்து குடிப்பது நம் காவிரித் தண்ணீர்தான். அங்கே காவிரிப் பக்கம் இருக்கும் தொரேகாடனஹள்ளியிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர், மூன்று இடத்தில் பம்ப் வைத்து அரைக் கிலோமீட்டர் உயரத்துக்கு ஏற்றி உன் ஊருக்குக் கொண்டுவருகிறார்கள். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னபோது கர்நாடகம் வருடத்துக்கு நமக்கு விட வேண்டியது 192 டிஎம்சியாக (ஒரு டிஎம்சி என்றால் நூறு கோடி கனஅடி) இருந்தது 177.25 ஆனது. குறைந்த அந்த 14.75-ல் 4.75 பெங்களூரின் குடிநீருக்கு. அன்றைக்கு டீக்கடையில் எல்லாரும் கொதித்துக்கொண்டிருந்தார்கள். நானும் கொதித்தேன். வீட்டுக்கு வந்து உனக்குப் போன் செய்தபோது நீ பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாய், குழாய் சத்தம் கேட்டது. அதற்கு மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன்.

உன் தாத்தா காலத்தில் நம் வாய்க்காலில் தண்ணீர் பார்ப்பதற்கென்றே ஓர் ஆள் இருந்தார். சம்பளம் கிடையாது, அறுப்பு முடிந்ததும் களத்தில் மரக்கால் கணக்கில் நெல் அளந்துவிடுவார்கள், எல்லா நிலத்துக்காரரும். அதனால் அவர் யாருக்கும் தனியாகக் கடமைப்பட்டவர் இல்லை. தண்ணீர் தாராளமாக இருந்தால் அவருக்கு வேலையே இல்லை. பற்றாக்குறை வந்தால்தான் முறை, ஒரு மா நிலத்துக்கு இவ்வளவு நேரம் என்று. அந்த முறை எங்கே ஆரம்பிக்கும் தெரியுமா? கடைமடையில், வாய்க்கால் முடிகிற இடத்தில். வாய்க்கால் தொடங்கும் தலைப்பில் நிலம் வைத்திருப்பவர் கண்ணெதிரே தண்ணீர் ஓடும், ஆனால் கடைசி வயலுக்குப் பாய்ந்த பிறகுதான் அவர் மடை திறக்கும்.

சின்ன வயதில் எனக்கு அது ஏதோ பெரிய மனசு என்று தோன்றியது. அப்புறம்தான் அதிலிருக்கும் சூட்சுமம் புரிந்தது. கடைசி வயலுக்குத் தண்ணீர் சீக்கிரம் போய்ச் சேர்ந்தால்தானே மேலே இருப்பவருக்கு முறை சீக்கிரம் வரும்? அதனால் வாய்க்காலில் கோரையும் காட்டாமணக்கும் அடைத்திருந்தால் முதலில் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு இறங்குவது மேலே இருக்கிறவர்தான். கீழே இருப்பவர் கெஞ்சவே வேண்டாம். உங்கள் கமிட்டியில் இதை ஒரு முறை யோசித்துப் பாருங்கள். தொட்டியிலிருந்து கடைசியாகத் தண்ணீர் வருகிற வீடு எது என்று கண்டுபிடித்து அங்கிருந்து கணக்கைத் தொடங்குங்கள்.

ஆனால் இதை மட்டும் சொல்லி நிறுத்தினால் உனக்குப் பாதிதான் சொன்னவன் ஆவேன். அந்தக் காலத்துக் குடிமராமத்து, ஊர் கூடித் தூர் வாரினோம் என்று மேடையில் பேசுகிறார்களே, கரையில் குடை பிடித்து நின்றவர்கள் ஒரு தெரு, சேற்றில் இறங்கி மண் சுமந்தவர்கள் இன்னொரு தெரு. காலனித் தெருவிலிருந்து வீட்டுக்கு ஓர் ஆள் வந்தாக வேண்டும், கூலி கிடையாது. அவர்களுக்கு நிலமே இல்லை, அவர்கள் வாரிய வாய்க்காலில் ஓடிய தண்ணீர் ஒரு சொட்டும் அவர்களுடைய வயலுக்குப் பாயவில்லை. வெள்ளைக்காரன் 1858-ல் இந்த வேலைக்கு வராவிட்டால் தண்டனை என்று சட்டமே போட்டான். கூலியில்லாத வேலைக்கு வெட்டி என்றுதான் பெயர், "வெட்டி வேலை" என்று நாம் சொல்வது அதைத்தான். வைகைக் கரை உடைந்தபோது வீட்டுக்கு ஓர் ஆள் என்று உத்தரவு போட்டு, ஆள் இல்லாத வந்திக் கிழவிக்காகச் சிவபெருமானே பிட்டுக்கு மண் சுமந்து பிரம்படி வாங்கிய கதையை உன் பாட்டி சொல்வாள், நினைவிருக்கிறதா? எனக்கு அந்தக் கதையில் இப்போதெல்லாம் பிரம்புதான் முதலில் நினைவுக்கு வருகிறது. அதனால் உங்கள் குடியிருப்பில் தொட்டி கழுவுகிறவர், வாட்ச்மேன், வீட்டு வேலைக்கு வரும் அம்மா, இவர்களுக்குத் தண்ணீர் எங்கே என்பதையும் கமிட்டியில் கேள். யாரும் கேட்க மாட்டார்கள், நீ கேள்.

இதுவரை உனக்குச் சொல்லாத ஒன்றையும் சொல்ல வேண்டும். 2012. மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறக்க வேண்டியது, செப்டம்பர் 17-ல்தான் திறந்தார்கள். அதிலிருந்து 2019 வரை எட்டு வருடம் ஒரு தடவைகூட ஜூன் 12-ல் திறக்கவில்லை. அந்த முதல் வருடம் குறுவை போய்விட்டது, சம்பாவை நம்பி விதைத்தோம். காவிரிக்கு ஒரு முறை வெண்ணாற்றுக்கு ஒரு முறை என்று விட்டு விட்டுத் தண்ணீர் வந்தது. வந்த தண்ணீரும் வாய்க்காலில் கணுக்கால் அளவுதான். நம் ஐந்து மாவும் வெடித்துக் கிடந்தது. ஒரு ராத்திரி நான் போய் வாய்க்காலின் குறுக்கே மண்ணை வெட்டிப்போட்டு மறித்து, முழுத் தண்ணீரையும் நம் வயலுக்குத் திருப்பினேன். விடியற்காலையில் கீழ் வயல் பெரியப்பா மண்வெட்டியோடு வந்தார். அடிக்க வருகிறார் என்றுதான் நினைத்தேன். நான் போட்ட மண்ணைப் பார்த்தார், நம் நாற்றைப் பார்த்தார், "உன் பயிர் பச்சையா இருக்குடா தம்பி" என்றார், அவ்வளவுதான், திரும்பிப் போய்விட்டார். அந்தப் பருவத்தில் அவருக்கு ஒரு மூட்டைகூடத் தேறவில்லை. நமக்கும் தை மாதத்தில் தண்ணீர் இல்லாமல் கருகியது, அது வேறு.

கர்நாடகத்துக்காரன் தண்ணீரை மறிக்கிறான் என்று நான் பேசும்போதெல்லாம் அந்த ராத்திரி வந்து நிற்கும். என் பயிர் வாடும்போது எனக்குக் கீழே ஒருவர் இருக்கிறார் என்பது எனக்கே மறந்துபோனது. மண்டியாவில் கரும்பு வாடும்போது அங்கே இருப்பவருக்குத் திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு கடைமடை இருப்பது எப்படித் தெரியும்? அவர் அதைப் பார்த்ததே இல்லையே. 2003-ல் இரண்டு மாநிலத்து விவசாயிகளும் சேர்ந்து காவிரிக் குடும்பம் என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். கர்நாடகத்து விவசாயிகள் நம் வயலை வந்து பார்த்தார்கள், நம்மவர்கள் அங்கே போய்ப் பார்த்தார்கள். எத்தனை டிஎம்சி என்பதில் முடிவு எட்டவில்லைதான். இருந்தாலும் வழக்கறிஞர்கள் இல்லாமல் விவசாயியும் விவசாயியும் ஒரே பாயில் உட்கார்ந்து பேசினார்கள் என்பதே எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

2018 ஆகஸ்டும் உனக்கு ஞாபகம் இருக்கும். மேட்டூரிலிருந்து விநாடிக்கு இரண்டு லட்சம் கனஅடி. கொள்ளிடத்தில் கரை தொட்டு ஓடி அத்தனையும் கடலுக்குப் போனது. 22-ம் தேதி ராத்திரி, காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் முக்கொம்பில் அணையின் மதகுகள் அடித்துக்கொண்டு போயின. டிவியில் அந்த வெள்ளத்தைக் காட்டுகிறார்கள், நம் வாய்க்காலில் தூசி பறக்கிறது. ஓர் அதிகாரியிடம் போனோம், தண்ணீர் கடைமடைவரை போய்விட்டதாகத் தாளில் எழுதி வைத்திருந்தார். அவர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை, யாரோ எழுதிக் கொடுத்ததை நம்பிவிட்டார், வந்து பார்க்கவில்லை. கடைசியில் நாங்கள் பதினைந்து பேர் வாய்க்காலைப் பிடித்துக்கொண்டு மேலே மேலே நடந்தோம். ஆகாயத்தாமரை ஓர் ஆள் நின்றால் தாங்கும் என்கிற அளவுக்கு அடைத்திருந்தது. இரண்டு நாள் அறுத்துப் போட்டோம். மூன்றாம் நாள் தண்ணீர் வந்தது.

அந்த முக்கொம்பு அணை 1836-ல் ஆர்தர் காட்டன் கட்டியது. அதற்கு முன்னால் காவிரி மேடிட்டுப் போய், தண்ணீரெல்லாம் பள்ளமான கொள்ளிடத்துக்கு ஓடிக்கொண்டிருந்தது. அணை கட்டியதும் காவிரிப் பக்கம் அளவுக்கு மீறி வர ஆரம்பித்தது, சில வருடத்திலேயே அணையின் நடுப்பகுதியைத் தணிக்க வேண்டியதாயிற்று. கட்டியதையே தணித்தார்களே, அதுதான் எனக்குப் பிடித்தது. ஆழம் தெரியாத மணலில் கல்லைப் போட்டு நிறுத்தும் வித்தையை நம் கல்லணையைப் பார்த்துத்தான் காட்டன் கற்றுக்கொண்டார், அதைக் கொண்டுபோய்க் கோதாவரியிலும் கட்டினார். நீங்கள் எத்தனை கணக்குப் போட்டு மீட்டர் வைத்தாலும், வைத்த பிறகு போய்ப் பாருங்கள், தப்பாக இருந்தால் தணித்துவிடுங்கள்.

ஒரு ஆசை சொல்லட்டுமா? மேட்டூரைத் திறக்கும் தேதி வந்ததும் சொல்கிறேன், நான்கு நாள் லீவு போட்டு வா. மேட்டூரிலிருந்து கல்லணைக்கு மூன்று நாளில் தண்ணீர் வந்துவிடும், அங்கே நெல்லும் பூவும் தூவித் திறப்பார்கள். அதிலிருந்து வெண்ணாறு, அப்புறம் நீடாமங்கலம் மூணாறு தலைப்பு, அங்கே பாமணியாறு, கோரையாறு, வெண்ணாறு என்று மூன்றாகப் பிரிகிறதை நீ பார்த்ததே இல்லை. அங்கிருந்து கோரையாற்றுக் கரையில் முடிந்தவரை நடப்போம். என் கால் தாங்கும் தூரம்வரை, அதற்கு மேல் தம்பி பைக்கில் வருவான். முதல் தண்ணீர் நுரையும் சருகும் தள்ளிக்கொண்டு வரும், முன்னால் கொக்குகள் நடக்கும்.

கீழ் வயல் பெரியப்பா இப்போது படுத்த படுக்கை. போன வாரம் போய்ப் பார்த்தேன், உன்னை விசாரித்தார். தண்ணீர் வந்ததும் ஒரு செம்பில் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போக வேண்டும் என்று இருக்கிறேன், நீயும் கூட வா. அம்மா காப்பரிசிக்கு வெல்லம் வாங்கி வைத்துவிட்டாள், ஆடிப்பெருக்கு வரைக்கும் தாங்குமா தெரியவில்லை, இப்போதே எறும்பு வந்துவிட்டது. வரும்போது பழைய செருப்பாகப் போட்டுக்கொண்டு வா, கரையெல்லாம் கருவேல முள்.

அப்பா