மூட்டை எண்ணுற படிப்பு இல்லைங்க

ஆசிரியருக்கு வணக்கம். சப்ளை செயின் மேனேஜ்மென்ட் (சரக்கு ஃபேக்டரில இருந்து கடை வரைக்கும் போய்ச் சேர்றதை நிர்வகிக்கிற படிப்பு) படிச்சா குடோன்ல மூட்டை எண்ணுற வேலைதானேன்னு இன்னமும் கேக்குறாங்க. 2021 மார்ச்சுல 400 மீட்டர் நீளக் கப்பல் ஒண்ணு சூயஸ் கால்வாய்ல குறுக்கா மாட்டி 6 நாள் நின்னுச்சே, அந்த மாதிரி நேரத்துல சரக்கை எந்த வழியா திருப்பி விடுறது, இருக்குற ஸ்டாக் எத்தனை நாள் தாங்கும்னு கணக்கு போடுறதுதான் இந்த படிப்பே. எங்க கிளாஸ்ல புல்விப் எஃபெக்ட்டை (கடையில வர்ற சின்ன ஆர்டர் மாற்றம் மேல போகப் போக பெருசாகுறது) விளையாட்டாவே நடத்தினாங்க, கடைக்காரர் 4 பெட்டி கூட கேட்டா மொத்த வியாபாரி பயந்துபோய் 8 கேப்பார், ஃபேக்டரி 16 பண்ணி வச்சிடும், கடைசில எல்லாம் குடோன்ல தூங்கும் (அன்னிக்கு ஃபேக்டரி நான்தான், செம திட்டு). ஆனா கம்பெனியோட ஸ்டாக், ஆர்டர், கணக்கு எல்லாத்தையும் ஒரே இடத்துல பாக்குற இஆர்பி சாஃப்ட்வேரை மட்டும் போர்டுல படம் போட்டே முடிச்சிட்டாங்க, வேலைக்கு போய்தான் தொட்டேன். முதல் வருஷத்துலயே லேபும் இன்டர்ன்ஷிப்பும் கட்டாயம் வேணும்னு உங்க பேப்பர்ல எழுதுங்க சார்.

– முன்னாள் மாணவி