குமரனுக்கு அப்பா எழுதுவது

அன்புள்ள குமரா,

இங்கே எல்லோரும் சுகம். மாடி ஒழுகலை அடைத்தாயிற்று. சித்தப்பா வீட்டோடு இன்னும் பேச்சில்லை. நீ வேளைக்குச் சாப்பிடு. உன் ஆபீஸ் நம்பருக்கு இரண்டு தடவை போட்டேன், வேறு யாரோ எடுக்கிறார்கள். வேலை அதிகம் போலிருக்கிறது, போகட்டும்.

வீடியோ கேம் செய்கிற உன் தொழில் எனக்குப் புரிந்ததே இல்லை. வசந்தி மகன் செல்போனில் எடுத்துக் கொடுக்க, பத்து நாளாக அதைத்தான் படிக்கிறேன். 1976இல் சேகா கம்பெனி விட்ட குத்துச்சண்டை கேம் மெஷினில், கையுறை மாதிரி ஒன்றைப் பிடித்துக் குத்தவேண்டுமாம். 1984இல் வந்த கராத்தே சாம்ப் என்கிற கேமில் அடிக்கப் பொத்தானே கிடையாது. ஆளுக்கு இரண்டு ஸ்டிக், இரண்டையும் எப்படித் தள்ளுகிறோமோ அதற்கேற்ற உதை.

1987இல் உங்கள் ஒசாகாவிலிருந்து கேப்காம் கம்பெனியின் முதல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் கேம். அதில் குத்துக்கு ஒரு பட்டை, உதைக்கு ஒரு பட்டை. நாம் எவ்வளவு ஓங்கி அடிக்கிறோமோ அவ்வளவு பலமாகப் பொம்மையும் அடிக்கும். பையன்கள் கை வலிக்க வலிக்க அடித்திருக்கிறார்கள். அப்புறம் ஆறு பொத்தானாக மாற்றிவிட்டார்கள், லேசான அடிக்குத் தனிப் பொத்தான். 1991இல் இரண்டாவது ஸ்ட்ரீட் ஃபைட்டர் வந்தபோது, சண்டைக்காரர்கள் எட்டுப் பேரில் யாரை வேண்டுமானாலும் எடுக்கலாம். அதிலே நம்ம நாட்டுக்காரன் தால்சிம், கழுத்தில் மண்டையோடு, வாயில் நெருப்பு! நம்மைப் பற்றி அவர்கள் நினைப்பு அவ்வளவுதான். அடிமேல் அடி விழுகிற காம்போ, தெரியாமல் நுழைந்ததாம். சோதித்தவர்களே பார்த்துவிட்டு, யாருக்கும் சுலபமாக வராது என்று விட்டுவிட்டார்களாம். இந்த வேலையில் என் மகன் இருக்கிறான் என்று வசந்தியிடம் பீற்றிக்கொண்டேன். அந்த மகன் பொங்கலுக்கு ஒரு வரி எழுதவில்லை.

வேளைக்குச் சாப்பிடு. ராத்திரி கண் விழிக்காதே.

பஸ் ஸ்டாண்ட் பக்கத்து வீடியோ கேம் கடையிலிருந்து உன்னை இழுத்துவந்தேனே, கரண்ட் பில் பணத்தைத் திருடி டோக்கன் வாங்கினாய் என்று. தெருவே பார்க்க அடித்தேன். அந்த நாற்பது ரூபாயை நீ எடுக்கவில்லை. முந்தின நாள் சீட்டாட்டத்தில் நான் விட்டது. அடிக்கும்போதே எனக்குத் தெரியும். உன் அம்மாவிடம் கடைசிவரை சொல்லவில்லை. நீ அன்று, எடுக்கவில்லை என்று ஒரு தடவைதான் சொன்னாய்.

நம்பர் மாறியிருந்தால் புதியதை அனுப்பு. வேலை எப்படி இருந்தாலும் சரி, டிக்கெட்டுக்குப் பணம் போடுகிறேன், வந்து நாலு நாள் இருந்துவிட்டுப் போ.

அப்பா