காட்டு மண்பாதையில் ஜியோபோன்: சத்தியமங்கலம் வனத்துறைக்கு ஒரு திறந்த மடல்

சத்தியமங்கலம் புலிகள் காப்பக அலுவலர்களுக்கு,

வணக்கம். பண்ணாரி–திம்பம் சாலையில் இரவுப் போக்குவரத்துத் தடை 2022 பிப்ரவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் நடைமுறைக்கு வந்தது. 27 கொண்டை ஊசி வளைவுள்ள அந்தப் பாதையைச் சோதனைச்சாவடிகள் பார்த்துக்கொள்ளும். சாவடியே இல்லாத மண்பாதையில் ராத்திரி ஒரு ஜீப் நுழைந்தால்? கேமரா வைத்தால் கண்ணில் படும், கழற்றிவிடலாம். மண்ணுக்குள் கிடக்கும் அதிர்வு சென்சாருக்கு அந்தத் தொல்லை குறைவு. அதை வாங்குவதாக இருந்தால், “இத்தனை மீட்டர் எட்ட வேண்டும்” என்று ஒப்பந்தப்புள்ளியில் ஒரே வரி எழுதி நிறுத்திவிடாதீர்கள். எட்டும் தூரம் பெட்டியில் பாதி, மண்ணிலும் புதைக்கிற கையிலும் மீதி.

அந்த அதிர்வு சென்சார்தான் ஜியோபோன்; அது வில்லில் தொங்கும் கம்பிச்சுருளும் ஒரு காந்தமும்தான். தரை அசைந்தால் தானே மின்னழுத்தம் தரும், அதற்கென்று மின்சாரம் தேவையில்லை. எஸ்எம்-24 என்ற 10 ஹெர்ட்ஸ் வகையில் சுருளின் தடை 375 ஓம். குறுக்கே 1000 ஓம் ரெசிஸ்டர் போட்டால் சிக்னல் கால் பங்குக்கு மேல் குறையும். இருந்தாலும் போடத்தான் வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு தட்டுக்கும் சுருள் கூடுதலாக ஆடிக் கணக்கைக் குழப்பும்.

ஜீப் மெதுவாகப் போனால் கிடைப்பது ஒரு மில்லிவோல்ட்டுக்கும் கீழே. 0.6 மைக்ரோஆம்பியரில் ஓடும் எம்சிபி6041 ஆம்ப்ளிஃபயர் இரண்டை, ஒவ்வொன்றும் 30 மடங்கு பெருக்கும்படி வைத்தால் மொத்தம் 900 மடங்கு. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். அந்தச் சிப்பில் 3 மில்லிவோல்ட் வரை ஆஃப்செட், அதாவது சிக்னலே இல்லாதபோதும் நிற்கும் பொய் மின்னழுத்தம், இருக்கலாம். நடுவே கெபாசிட்டர் இல்லாவிட்டால் அதுவும் 900 மடங்காகி 2.7 வோல்ட், லாரியே போனாலும் சர்க்யூட் அசையாது. கணக்குப் போடும் சிப்பான மைக்ரோகண்ட்ரோலர் தூங்கட்டும்; சிக்னல் ஒரு வரம்பைத் தாண்டினால் கம்பாரேட்டர் அதை எழுப்பட்டும். தூக்கத்தில் மொத்தம் 10 மைக்ரோஆம்பியர் என்றால் ஆண்டுக்கு 88 மில்லிஆம்பியர்-மணி. 19 ஆம்பியர்-மணி லித்தியம் தயோனைல் செல்லுக்கு அது தூசு. ஆனால் வாரக்கணக்கில் சும்மா கிடந்த செல்லுக்குள் ஒரு படலம் படிந்துவிடும். செய்தி அனுப்பும் ரேடியோ திடீரென மின்சாரம் இழுக்கும்போது வோல்டேஜ் சரிந்து போர்டு ரீசெட் ஆகும். செல்லுக்கு இணையாகப் பெரிய கெபாசிட்டர் வைக்கச் சொல்லுங்கள்.

புதைப்பது: பாதை ஓரத்திலிருந்து 3 முதல் 5 மீட்டர், ஆழம் 30 செ.மீ., ஜியோபோனின் அடிமுள் செங்குத்தாக. முடிந்தால் வண்டி குலுங்கும் பள்ளத்துக்கு எதிரே. தோண்டிய மண்ணையே ஈரப்படுத்தி, அடுக்கடுக்காக மிதித்து இறுக்க வேண்டும். சுற்றி இடைவெளி இருந்தால் அதிர்வு வந்து சேராது. கரிசலில் கோடை வெடிப்பு விழுந்தாலும் இதே கதிதான். மரவேர்ப் பக்கம் போகவே வேண்டாம், காற்றடித்தால் வேர் ஆடும். பாதை நெடுக 30 மீட்டர் இடைவெளியில் இரண்டு வைத்தால் போகிற திசையும் வேகமும் தெரியும். கேபிளை ஜிஐ பைப்புக்குள் விடுங்கள், முள்ளம்பன்றி கடிக்கும்.

யானை நடந்தால் தட்டுத் தட்டாகத் தனித்தனியே வரும். வண்டியென்றால் அதிர்வு மெல்ல ஏறி, சில விநாடி நின்று, மெல்ல இறங்கும். பிரித்தறிய இந்த வடிவமே பெரும்பாலும் போதும், பெரிய ஏஐ எதுவும் வேண்டியதில்லை. மழைதான் எமன். ஐப்பசி அடைமழையில் தரை விடாமல் அதிரும், சென்சார் தன் வரம்பைத் தானே உயர்த்திக்கொள்ளும், பைக் போனால் பதிவாகாமல் நழுவிவிடும். காலையில் திரையில் நிற்பது பூஜ்ஜியம். யாரும் வராத பூஜ்ஜியமா, காது அடைத்த பூஜ்ஜியமா? ஒவ்வொரு செய்தியிலும் எண்ணிக்கையோடு அப்போதைய வரம்பையும் அனுப்ப வேண்டும் என்று நிபந்தனை போடுங்கள். கூடுதலாக ஒரு பைட்; விலையில் வித்தியாசமே வராது.

பணம் கொடுக்கும் முன் சோதனை: சித்திரையில் ஒன்று, ஐப்பசியில் ஒன்று. ஜீப்பும் பைக்கும் 15 கி.மீ. வேகத்தில் தலா 20 முறை போகட்டும், எத்தனை தவறியது என்று எண்ணுங்கள். பாதையை அடைத்துவிட்டு ஓர் இரவு முழுக்க, பொய்யாக எத்தனை வந்தது என்றும் எண்ணுங்கள். புதைத்த குழி ஒவ்வொன்றுக்கும் ஜிபிஎஸ் குறிப்போடு, பக்கத்துப் பாறையும் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து வையுங்கள். ஒரு மழைக்குப் பிறகு வைத்தவருக்கே இடம் தெரியாது.

இப்படிக்கு,
அதிர்வு சென்சார் வேலையில் இருப்போர் சிலர்