வாசிப்பு வட்டத்துக்கு மதிப்பெண் வேண்டாம்

மதிப்பிற்குரிய இலக்கியத் துறைப் பேராசிரியர்களுக்கு,

வணக்கம். வாரம் ஒரு மாலை நாங்கள் கூடிப் படிக்கும் உலக இலக்கிய வட்டத்தை அடுத்த பருவத்திலிருந்து வருகைப் பதிவும் மதிப்பெண்ணும் உள்ள பாடமாக்கப் போவதாக அறிகிறோம். நல்லெண்ணத்தில்தான் செய்கிறீர்கள். ஆனாலும் வேண்டாமே என்று கேட்கத்தான் இந்த மடல்.

போன மாதம் ஜெர்மன் மொழியில் எழுதிய காஃப்காவின் ‘உருமாற்றம்’ படித்தோம். 1915இல் வெளிவந்த கதை. முதல் வாக்கியத்தைத் தாண்டவே எங்களுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடித்தது. ஒருவர் பிரதியில் கதைநாயகன் கிரிகோர் பூச்சியாக விழிக்கிறான், இன்னொருவர் பிரதியில் வண்டாக. மூலத்தில் உள்ள ஜெர்மன் சொல் குறிப்பிட்ட எந்தப் பூச்சியையும் சுட்டுவதில்லை, ஒழித்துக்கட்ட வேண்டிய ஜந்துக்களுக்கெல்லாம் அது பொதுப்பெயர் என்றாள் ஜெர்மன் தெரிந்த வேதியியல் மாணவி. அட்டையில் அந்தப் பூச்சியை வரையவே கூடாது, தூரத்தில் தெரிவதுபோலக்கூட வேண்டாம் என்று காஃப்கா பதிப்பகத்துக்கு எழுதினாரே, அது ஏன் என்பது அப்போதுதான் உறைத்தது.

அப்புறம் ஒருவன், “உடம்பே மாறிக் கிடக்கிறது, இவன் ரயிலைத் தவறவிட்டதற்கு ஏன் இப்படிப் பதறுகிறான்?” என்றான். அவன் படிப்பது இயற்பியல். அன்றைய பேச்சு முழுக்க அந்தக் கேள்வியைச் சுற்றித்தான் போனது. மதிப்பெண் உண்டு என்றால் அவன் வாயே திறந்திருக்க மாட்டான். வந்திருப்பானா என்பதே சந்தேகம். ‘காஃப்காவில் அந்நியமாதல்’ என்று நாங்களும் பத்து வரி உருப்போட்டிருப்போம்.

மூலமொழியும் கோட்பாடும் தெரியாதவர்கள் பேசி என்ன ஆகப்போகிறது என்று ஒரு குரல் எழுந்ததாகவும் கேள்வி. சரி, 1827இல் தன் உதவியாளர் எக்கர்மானிடம் உலக இலக்கியத்தின் காலம் வந்துவிட்டது என்று ஜெர்மன் கவிஞர் கதே சொன்னது, ஒரு சீன நாவலை மொழிபெயர்ப்பில் படித்துக்கொண்டிருந்த நாட்களில்தான்.

உதவ நினைத்தால், ஏழு மணிக்கு மேலும் அந்த அறையைப் பூட்டாமல் விடுங்கள். ஒரே பதிப்பில் இருபது பிரதி வாங்குவதைவிட, நூலகத்தில் வெவ்வேறு மொழிபெயர்ப்புகளாக வாங்கி வைத்தால் எங்களுக்குச் சண்டை போட வசதி.

நீங்களும் வாருங்கள், மேடைப் பக்கம் போகாமல் வட்டத்தில் உட்காருங்கள். அடுத்த வாரம் ருஷ்ய எழுத்தாளர் செகாவின் ‘நாய்க்காரச் சீமாட்டி’. கடினமான பகுதி இனிமேல்தான் என்று சொல்லி முடியும் கதையை முடிந்த கதை என்று ஒப்புக்கொள்ள எங்களில் பாதிப் பேர் தயாரில்லை.

அன்புடன்,
வாசிப்பு வட்ட மாணவர்கள்