நாலாம் பக்கத்தில் ஒளிந்திருந்த வரி

அன்புள்ள நண்பா,

உன் மின்னஞ்சல் வந்து நாலு நாள் ஆகிறது. மறந்துவிடவில்லை. நீ அனுப்பிய ரெஸ்யூமை நிதானமாகப் படித்துவிட்டு எழுதலாம் என்றுதான் இருந்தேன். இங்கே எல்லோரும் சுகம். எனக்குத்தான் கண்ணாடி பவர் ஏறிவிட்டது. உன் நாலு பக்கப் பொடி எழுத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று நம்புகிறேன்.

கோபித்துக்கொள்ள மாட்டாய் என்ற தைரியத்தில் சொல்கிறேன். இந்த நாலு பக்கத்தில் உன்னைக் காணோம். "கிடங்கு மேலாண்மைப் பொறுப்பு வகித்தேன்", "குழுவாகப் பணிபுரியும் திறன் உண்டு", "கடின உழைப்பாளி"... உன் பெயரை அடித்துவிட்டு யார் பெயரை எழுதினாலும் இதெல்லாம் பொருந்தும். ஆள் எடுக்கும் மேசைக்கு இந்தப் பக்கம் நான் வந்து ஆறு வருஷம் ஆகிறது. கடின உழைப்பாளி இல்லாத ஒருவரின் ரெஸ்யூம் இன்னும் என் கைக்கு வரவில்லை!

நாலாம் பக்கத்தில் "இதர பணிகள்" என்று போட்டு அதற்கடியில் ஒரு வரி வைத்திருக்கிறாய்: "கிடங்கு மறுசீரமைப்பு." அவ்வளவுதான். அதைப் பார்த்ததும் ஒரு நாள் ராத்திரி நீ போனில் பேசியது ஞாபகம் வந்தது. தினமும் வெளியே போகிற சரக்கு கடைசி ரேக்கில், வருஷத்துக்கு ஒரு தரம் தொடுகிற சரக்கு வாசலிலேயே. பையன்கள் நாள் முழுக்க நடந்தே ஓய்ந்துபோகிறார்கள் என்று புலம்பினாய். அப்புறம் மூன்று ஞாயிற்றுக்கிழமை தாளும் பென்சிலுமாகக் குடோனுக்குள் சுற்றி, எது எங்கே இருக்க வேண்டும் என்று வரைந்தாய். மூன்று நாள் இழுக்கிற ஸ்டாக் எடுக்கும் வேலை ஒரே நாளில் முடிந்தது என்று அன்றைக்கு எப்படிக் குதித்தாய்! அந்த ஆளைத்தான் நான் இந்தத் தாளில் தேடினேன்.

அந்த வரியை இப்படி எழுதிப் பார்: "சரக்கு வைக்கும் வரிசையை மாற்றியமைத்து, 3 நாள் பிடித்த இருப்புக் கணக்கெடுப்பை 1 நாளாகக் குறைத்தேன், உடன் பணியாற்றியவர்கள் 4 பேர்." இதில் பெருமையடிப்பது எங்கே இருக்கிறது? நடந்ததைத்தானே சொல்கிறோம். இது முதல் பக்கத்தில், கடைசியாகப் பார்த்த வேலைக்குக் கீழே முதல் வரியாக வரட்டும். லேடர்ஸ் என்ற வேலைவாய்ப்புத் தளம் 2018-இல் ஆள் எடுப்பவர்களின் கண்ணசைவைப் பதிவு செய்து பார்த்தது. ஒரு ரெஸ்யூமின் மேல் முதல் முறை கண் ஓடியது சராசரியாக 7.4 விநாடிதானாம். என் அனுபவமும் கிட்டத்தட்ட அதுதான், வெட்கத்தை விட்டு ஒத்துக்கொள்கிறேன். அதற்குள் நாலாம் பக்கம் யார் கண்ணில் படப்போகிறது?

லியனார்டோ டா வின்சி 1482 வாக்கில் மிலான் ஆட்சியாளர் லுடோவிகோ ஸ்ஃபோர்ஸாவிடம் வேலை கேட்டு எழுதிய கடிதம் ஒன்று உண்டு. தூக்கிச் செல்லக்கூடிய பாலம் கட்டுவேன், பீரங்கி செய்வேன், மூடிய போர் வண்டி செய்வேன் என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, ஓவியமும் வரைவேன் என்பதைக் கடைசியில்தான் சொல்கிறார். படிக்கிறவருக்கு அப்போது எது தேவை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. சொன்னதில் எத்தனையை அதுவரை செய்து பார்த்திருந்தார் என்பது வேறு கதை. அந்த விஷயத்தில் மட்டும் அவர் வழி உனக்கு வேண்டாம்.

ஆகவே ஒரே ரெஸ்யூமை இருபது இடத்துக்கு அனுப்பாதே. ஒவ்வொரு விளம்பரத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவர்கள் கேட்பதில் நீ நிஜமாகவே செய்தது எது என்று பார்த்து மேலே கொண்டுவா. அவர்கள் "இருப்பு மேலாண்மை" என்று எழுதியிருந்தால் நீயும் அதே சொல்லைப் போடு. நிறைய இடங்களில் விண்ணப்பத்தை முதலில் வாங்கிக்கொள்வது ஏடிஎஸ் என்கிற மென்பொருள். அதில் சொல்லைப் போட்டுத்தான் ஆளைத் தேடுவார்கள்.

பக்கத்தை இடம், வலம் என்று இரண்டாகப் பிரித்திருக்கிறாயே, அந்த டிசைன் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் உன் பிடிஎஃப்பில் இருந்த எழுத்தை மொத்தமாக காப்பி செய்து நோட்பேடில் ஒட்டிப் பார்த்தேன். "கிடங்கு மேலாளர் ஆங்கிலம் 2011 எக்செல் முதல்" என்று வந்தது. மென்பொருளும் இப்படிப் படித்தால் உன்னை என்னவென்று புரிந்துகொள்ளும்? பக்கத்தைப் பிரிக்காமல், மேலிருந்து கீழாக எழுது. எக்செல் 80 சதவீதம் என்று ஒரு பட்டை வேறு போட்டிருக்கிறாய். மீதி 20 என்ன ஆயிற்று என்று இன்டர்வியூவில் கேட்டால் முழிப்பாய். எடுத்துவிடு.

இதை எழுதத்தான் நாலு நாள் யோசித்தேன். அம்மாவைப் பார்த்துக்கொள்ள நீ வீட்டில் இருந்த பதினோரு மாதத்தை, முந்தின வேலையின் தேதியை நீட்டி மறைத்திருக்கிறாய். வேண்டாம்டா. பழைய நிறுவனத்தில் ஒரு போன் போட்டு விசாரித்தால் தெரிந்துவிடும், அப்புறம் நீ எழுதிய மற்றதையும் யாரும் நம்ப மாட்டார்கள். "குடும்பத்தில் ஒருவரைப் பராமரிக்க விடுப்பு, 11 மாதம்" என்று ஒரு வரி போதும். காரணம் தெரிந்த இடைவெளி எனக்கு உறுத்தியதே இல்லை. அம்மாவின் கடைசி நாட்களில் நீ பக்கத்தில் இருந்தாய். அதை ஏன் தப்பு செய்தவன் மாதிரி ஒளிக்கிறாய்?

சரி, ஞாயிற்றுக்கிழமைக்குள் திருத்தி அனுப்பு. இரண்டு பக்கத்துக்கு மேல் போனால் படிக்க மாட்டேன். முடித்ததும் ஒரு தடவை வாய்விட்டுப் படித்துப் பார், கண்ணுக்குத் தப்பியது காதில் மாட்டும். வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்

பி.கு.: முதல் பக்கத்தில் உன் கைப்பேசி எண்ணில் ஒரு எண் குறைகிறது. இரண்டு தடவை எண்ணிவிட்டேன். யாருமே கூப்பிடவில்லை என்று எழுதியிருந்தாயே!